மேரிக்குக் கூற்று இல்லை

‘ட்ரீம் டாடி’ என்ற விளையாட்டை அதன் முடிவு கெடுத்துவிட்டது என்று விளையாடியவர்கள் பலர் சொல்வதுண்டு. கெடுத்துவிட்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் வேறு, எனக்குத் தோன்றும் காரணம் வேறு. என் காரணத்தை விளக்க மருதத் திணை வரை போக வேண்டியிருக்கிறது. துறை நண்பர்கள் பொறுத்தருள்க. விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவை முழுவதும் சொல்லப்போகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சிறு அறிமுகம். டேட்டிங் சிம் என்பது ஜப்பானில் வளர்ந்த விளையாட்டு வகை. கொனாமி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ அதற்கு இலக்கணம் போன்றது. பள்ளி நாள்களைத் திட்டமிட்டுச் செலவழித்து, பள்ளி முடியும் நாளன்று ஒரு மரத்தடியில் ஒருத்தி வந்து தன் காதலைச் சொல்வாளா என்று காத்திருக்க வேண்டும். அங்கே காதல் என்பது கடைசியில் கிடைக்கும் பரிசு. பரிசு கிடைத்ததும் திரை இருண்டுவிடும். இதே நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘லவ் பிளஸ்’ இந்த இலக்கணத்தை மீறியது. காதல் சொல்லப்பட்ட பிறகுதான் அதன் பெரும்பகுதி தொடங்கும்; அதற்கு முடிவு என்று ஒன்று வைக்கப்படவில்லை. களவுக்குப் பின் கற்பு என்று வைத்த நம் மரபினருக்கு இது வியப்பாக இருக்காது.

‘ட்ரீம் டாடி’ 2017 ஜூலையில் வந்தது. யூடியூபில் பெயர்பெற்ற கேம் கிரம்ப்ஸ் குழு வெளியிட்டது. வெர்னான் ஷா, லேட்டன் கிரே ஆகிய இருவரின் படைப்பு. விளையாடுபவர் ஒரு தந்தை. துணையை இழந்தவர். அமண்டா என்ற மகளோடு மேப்பிள் பே என்ற சிற்றூருக்குக் குடிவருகிறார். அக்கம்பக்கத்தில் ஏழு தந்தையர். ஒருவர் ஆங்கில ஆசிரியர், ஒருவர் காப்பிக்கடை நடத்துபவர், ஒருவர் கல்லூரிக்கால அறைத்தோழர், இப்படி. அவர்களுள் ஒருவரோடு மூன்று முறை வெளியே சென்றால் அவருடைய தடம் நிறைவுறும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் தேர்வுத்தாள் போல மதிப்பெண் தரம் வழங்கப்படும். பொருத்தமான விடையைச் சொன்னால் திரையில் இதயங்களும் கத்தரிக்காய்களும் சிதறும். கத்தரிக்காய் எதற்கு என்பதைப் பேராசிரியர்கள் தங்கள் மாணவர்களிடம் கேட்டறியலாம்.

ஏழு பேருள் ஒருவர் ஜோசப். தேவாலயத்தில் இளைஞர் பணி செய்பவர். புதிதாகக் குடிவந்தவரை இனிப்போடு வரவேற்பவர். நான்கு பிள்ளைகள், நால்வருக்கும் கிறிஸ் என்ற பெயரையே சற்றுச் சற்று மாற்றி வைத்திருக்கிறார். எழுவருள் மனைவியோடு வாழ்பவர் அவர் ஒருவரே. மனைவி மேரி பெரும்பாலும் கையில் மதுக்கோப்பையோடும் நாவில் எள்ளலோடும் தோன்றுகிறார். ஜோசப்பின் தடத்தில் கடைசிச் சந்திப்பு ஒரு படகில். எவ்வளவு உயர்ந்த தரம் பெற்றாலும் இறுதியில் ஜோசப் தம் மனைவியிடமே திரும்புகிறார். அமண்டா கலைக் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு விருந்து நடக்கிறது. மற்ற தடங்களில் காதல் கனியும் இடம் அது. இந்தத் தடத்தில் கனிவதற்கு ஒன்றுமில்லை.

பலருடைய குறை இதுதான்: எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம், ஆயினும் அவர் கிடைக்கவில்லை. வெளியான சில நாள்களுக்குள் ஆர்வலர்கள் விளையாட்டின் கோப்புகளைக் குடைந்து, ஜோசப்பை ஒரு மர்ம வழிபாட்டுக் கூட்டத்தின் தலைவராகக் காட்டும் கைவிடப்பட்ட முடிவொன்றின் சிதறல்களைக் கண்டெடுத்தனர். விளையாடி அதை எட்ட முடியாது. ஆயினும் அது பற்றிய பேச்சு ஓயவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஒரு மனிதரைவிட நரபலி கொடுக்கும் ஒருவரைப் புரிந்துகொள்வது எளிது போலும்.

அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. மூன்று சந்திப்புகளில் தவறில்லாமல் விடையளித்தால் ஒருவர் நமக்கு உரியவராகிவிடுவார் என்ற கணக்கு வெறும் திரைக்கணக்கு. நம் திரைப்படங்களும் பல பத்தாண்டுகளாக அதே கணக்கைத்தான் கற்பித்து வருகின்றன. பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் அவள் இசைவாள் என்பது அங்கே. ஆகவே கணக்குச் சரியாக இருந்தும் விடை மறுக்கப்படுவது எனக்கு உறுத்தவில்லை. அதே விளையாட்டில் ராபர்ட் என்பவரின் தடமும் அப்படித்தான். குடியும் தனிமையுமாக வாழும் அவர், தம்மைச் சீர்செய்துகொள்ளாமல் இன்னொருவரோடு சேர இயலாது என்று சொல்லி ஒதுங்குகிறார். பிறகு ஒரு நாள் சேரக்கூடும் என்ற கதவை மட்டும் திறந்து வைக்கிறார். அதைக் குறைசொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த விளையாட்டின் மிகச் சிறந்த முடிவு அது. ஏன் என்றால், ராபர்ட் தம் காரணத்தைத் தாமே சொல்கிறார்.

மேப்பிள் பே ஒரு கற்பனை ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே ஓர் ஆண் ஆணைக் காதலிப்பதைக் கண்டு ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. எழுவருள் ஒருவர் திருநம்பி. அதுவும் அங்கே ஒரு செய்தியே இல்லை. தேவாலயம் இருக்கிறது, தண்டனை இல்லை. அயலார் இருக்கிறார்கள், அலர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஜோசப் எதற்காகத் திரும்பிப் போகிறார்? அஞ்சி அல்ல, அஞ்ச அங்கே ஒன்றுமில்லை. ஆகவே காரணம் அந்த மணவாழ்க்கைக்குள்தான் இருக்க வேண்டும். அவருக்கும் மேரிக்கும் இடையே ஏதோ ஒன்று மிச்சம் இருந்திருக்க வேண்டும். அது என்ன என்பதற்கு ஒரு காட்சி இல்லை. திரும்புவதைச் சொல்பவர் ஜோசப் மட்டுமே. கேட்டுக்கொள்பவர் நாம். ஏற்றுக்கொள்பவரான மேரி என்ன நினைத்தார் என்பது கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. காட்சி இல்லாத இடத்தில் வாசகர் தம் ஊரிலிருந்து காரணத்தை எடுத்து நிரப்பிக்கொள்கிறார்: மானம், பிள்ளைகள், சபை, அம்மாவின் இரத்த அழுத்தம். தடையே இல்லாத ஓர் உலகத்தைக் கட்டிவிட்டு, முடிவை மட்டும் தடையுள்ள உலகத்திலிருந்து இரவல் வாங்கியதுபோல் ஆகிவிட்டது.

இந்த விளையாட்டு எனக்கு அறிமுகமானது ரிச்சர்ட்ஸ் டவுனில். பழைய வீடொன்றின் மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட போர்ஷனில் நானும் ஒரு நண்பனும் குடியிருந்தோம். பெங்களூரின் இந்தப் பகுதி 1947 வரை ஆங்கிலேயரின் கண்டோன்மென்ட்டில் சேர்ந்திருந்தது. தமிழும் உருதும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே தெருவில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடப்பது அதனால்தான். காலையில் தூய ஆவி ஆலயத்தின் மணி, இரவில் கிழக்கு நிலையத்தைக் கடக்கும் ரயில். சங்க இலக்கியம் படிக்க வந்தவன் நான். நண்பன் மென்பொருள் சோதனை வேலைக்கு வந்தவன். தென்மாவட்டத்துக்காரன், ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடுபவன். அவனைப் பற்றி எழுத அவனும் அவன் மனைவியாக இருந்தவரும் இசைந்திருக்கிறார்கள். அடையாளம் தரும் செய்திகளை மாற்றியிருக்கிறேன். இருவரும் இதன் முன்வடிவைப் படித்தார்கள். அவர் ஒரு வரியை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

அவன் எல்லாத் தடங்களையும் ஒருமுறை முடித்தான். ஜோசப்பின் தடத்தை மட்டும் எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடைகளைத் தருவான். ஒரு முறையாவது ஜோசப் தங்கிவிடுவாரா என்று பார்ப்பான். நான் சோறு வடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். “தேவாலயத்துல வேலை பாக்குறவர்னு எழுதினப்பவே முடிவையும் எழுதிட்டாங்க அண்ணே” என்றான் ஒரு நாள், மடிக்கணினியை மூடிவிட்டு.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பைச் சொன்னது. ஒத்த பாலினத்தார் இசைந்து கொள்ளும் உறவு இனிக் குற்றமில்லை. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் திறந்த கதவு, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மூடியது, மீண்டும் திறந்தது. அன்று மாலை எங்கள் மாடியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள், மாஸ்க் ரோட்டிலிருந்து பிரியாணி வந்தது. எல்லாரும் போன பிறகு அவன் சொன்னான்: “சட்டம் மாறிடுச்சு. எங்க அம்மாவுக்கு யார் தீர்ப்பு சொல்றது?” அதே மாதம் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 497-ஆம் பிரிவையும் நீக்கியது, பிறன் மனை உறவு அதோடு குற்றவியல் சட்டத்திலிருந்து வெளியேறியது. அந்த வழக்கின் மனுதாரர் பெயர் ஜோசப் ஷைன். பெயர்ப் பொருத்தத்தைக் கண்டு அவன் சிரித்தது நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு அவனுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண்ணிடம் எல்லாம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னான். ‘பெங்களூரில் ஒரு சிநேகம் இருந்தது, முடிந்துவிட்டது’ என்பதே அவன் சொன்ன ‘எல்லாம்’ என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டாண்டுகள் கழித்து மனைவியை ஊரில் விட்டு இங்கே வந்தான். குக் டவுன் பக்கம் வேறொரு வீட்டில், அந்தச் சிநேகிதரோடு தங்கினான். 2022-இல் ஊரிலிருந்து ஒரு வண்டி வந்தது. அவனுடைய தந்தை, அவன் மனைவியின் அண்ணன், சபைப் பெரியவர் ஒருவர், மனைவி. பேசினார்கள். அவன் திரும்பிப் போனான்.

இங்கே மருதத்துக்கு வருகிறேன்.

பரத்தையிற் பிரிந்த தலைவன் வீடு திரும்புவது மருதத் திணையின் அன்றாடம். ஐங்குறுநூற்றின் முதல் நூறு, ஓரம்போகியார் பாடியது, முழுவதும் இந்தத் திரும்புதலைச் சுற்றியே சுழல்கிறது. திரும்புகிறான் என்பது அங்கே செய்தி அல்ல. அது எல்லாருக்கும் தெரிந்தது. திரும்பியவனை வாசலில் நிறுத்தி என்ன சொன்னார்கள் என்பதுதான் பாட்டு. தலைவி ஊடுகிறாள். தோழி வாயில் மறுக்கிறாள், அல்லது வாயில் நேர்கிறாள். பாணனைத் தூது விட்டால் பாணனுக்கும் வசவு விழுகிறது. கதவு திறக்கும் அல்லது திறக்காது. எதுவானாலும் அதற்கு முன் ஒருத்தி பேசியாக வேண்டும். ஜோசப்பின் முடிவில் இல்லாமற்போனது இந்த வாயில்தான். அவர் தடையின்றி உள்ளே போய்விடுகிறார்.

அதைவிட வியப்பான ஒன்று உண்டு. பரத்தைக்கும் சங்கப் பாடல்களில் வாய் இருக்கிறது. குறுந்தொகையின் 8-ஆம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது, காதற்பரத்தையின் கூற்று. தலைவி தன்னைப் புறம் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி அவள் திருப்பிச் சொல்கிறாள். தன் வீட்டில் பெருமை பேசிய ஆண் அங்கே போய் எப்படிக் குறுகி நிற்கிறான் என்பதை அவள் காட்டும் விதத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரித்துவிடுகிறார்கள். ஜோசப்பின் தடத்தில் விளையாடுபவர் நிற்கும் இடம் அந்தக் காதற்பரத்தையின் இடம். அச்சொல்லைத் துறைப்பெயராகவே சொல்கிறேன், இழிவு கருதவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் நின்றவளுக்கு ஒரு பாட்டு கிடைத்தது. ஏராளமான விடைகளைத் தேர்ந்து தேர்ந்து வந்த விளையாட்டாளருக்கு, மிகவும் தேவைப்பட்ட இடத்தில், தலையசைப்பதற்கு மட்டுமே இடம் கிடைத்தது.

தொல்காப்பியச் செய்யுளியல் இதை ஒரு விதியாகவே சொல்கிறது. களவில் பேசுதற்குரியோர் சிலர். கற்பில் அவர்களோடு இன்னும் சிலர் சேர்கிறார்கள். பாணன், கூத்தன், விறலி, அறிவர், கண்டோர் ஆகியோரோடு பரத்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். பேசுதற்கு உரிமை இல்லாதோரையும் அந்நூல் சொல்கிறது: ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன். அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாமே தவிர, அவர்கள் நேரே வந்து பேசும் பாட்டு அகத்தில் கிடையாது. முனைவர் பட்டத்துக்காக இந்தப் பகுதியைப் பல முறை படித்திருக்கிறேன். இலக்கண நூலார் வகைதொகை செய்யும் வழக்கமான பட்டியல் என்று கடந்திருக்கிறேன்.

2022-இல் வண்டி வந்த நாளில் அந்தப் பட்டியல் எனக்கு வேறாகத் தெரிந்தது. பேச்சு முடிந்து நண்பன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் மாடியில் அவன் விட்டுவைத்த புத்தகங்களை வாங்கிப்போக அவன் மனைவி வந்தார். மாடிப்படி ஏற மனமில்லை என்று சொன்னதால் ரிச்சர்ட்ஸ் பூங்காவில் உட்கார்ந்தோம். எனக்கு அவரை அதற்கு முன் திருமணத்தன்று பார்த்த பழக்கம் மட்டுமே. அவர் முதலில் பேசியது பூங்காவைப் பற்றி: ஊரில் இவ்வளவு பெரிய மரங்கள் எல்லாம் சாலை போட வெட்டிவிட்டார்கள் என்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எல்லாரும் ‘அதான் வந்துட்டாரே, போதும்மா’ங்கிறாங்க அண்ணா. யாருக்குப் போதும்னு ஒருத்தரும் சொல்லல” என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் போலப் பேசினார். அதில் பெரும்பகுதி அவருக்கு உரியது, இங்கே எழுத மாட்டேன். அவர் கோபமாகப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் சிரிக்கவும் செய்தார். தன்னை ஏமாற்றியவன் என்று கணவனை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ‘அவரையும்தானே கட்டி வெச்சாங்க’ என்றார். அவர் குறையெல்லாம் வேறு. நான்கு நாள்களாக நடந்த பேச்சில் அவருடைய அண்ணன் பேசினார், மாமனார் பேசினார், சபைப் பெரியவர் பேசினார், ஊர் என்ன சொல்லும் என்பதும் நிறையப் பேசப்பட்டது. இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்படவில்லை. அந்தச் சிநேகிதர் அன்று வரவே இல்லை. அவரை யாரும் அழைக்கவும் இல்லை.

தந்தை, தமையன், ஊர், அயல். செய்யுளியல் எவரெவருக்குக் கூற்று இல்லை என்றதோ அவரே பேசினார்கள். கூற்றுக்குரிய இருவரும் வாய்மூடி இருந்தார்கள். இதை ஒரு பண்பாட்டு வீழ்ச்சியாகச் சொல்ல வரவில்லை. சங்க காலத்து வீடுகளிலும் தந்தையும் தமையனுமே பேசியிருப்பார்கள், ஐயமில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு நடுவே இருந்துகொண்டு, பாட்டுக்குள் மட்டும் அவர்கள் வாயை அடைத்த அந்தத் துணிவைத்தான் சொல்கிறேன். வாழ்க்கையில் கிடைக்காத கூற்றைக் கதை கொடுக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. மேப்பிள் பேயைக் கட்டியவர்கள் ஊரின் வாயை அடைத்ததில் சங்கப் புலவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். பேச வேண்டியவருக்கு வாய் கொடுக்கும் இடத்தில்தான் நின்றுவிட்டார்கள்.

திரும்புதலையே முடிவாக வைக்காத வழியும் நமக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியிடம் திரும்புவது 30 காதைகளுள் 9-ஆவதில். அங்கே கண்ணகி வாயில் மறுக்கவில்லை. அது குறித்து எத்தனையோ பேர் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். ஆனால் மாதவியை இளங்கோ அப்படியே விட்டுவிடவில்லை. அவள் எழுதிய ஓலை வசந்தமாலை கையில் போகிறது, கோவலன் வாங்க மறுக்கிறான். இன்னொன்று கோசிகன் கையில், காட்டுவழியில் வந்து சேர்கிறது. அதை வாசிக்கிறான், அவள்மேல் குற்றமில்லை என்று உணர்கிறான். இரண்டு கடிதங்கள். கதையை அவை மாற்றவில்லை. கோவலன் மதுரைக்குத்தான் போகிறான், கொலைக்களப்படத்தான் போகிறான். ஆயினும் அந்தக் கடிதங்கள் இல்லாத சிலம்பை எண்ணிப் பாருங்கள்.

முடிவை மாற்றிவிட்டால் தீரும் குறை அல்ல இது. கௌதம் மேனன் 2010 பிப்ரவரி 26 அன்று ஒரே கதையைத் தமிழில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ என்றும் தெலுங்கில் ‘ஏ மாய சேசாவே’ என்றும் வெளியிட்டார். தமிழில் காதலர் பிரிகிறார்கள், தெலுங்கில் சேர்கிறார்கள். இரண்டு மொழிப் படங்களும் ஓடும் பெங்களூரில் இரண்டையும் பார்த்து ஒப்பிட்டவர்கள் உண்டு. எது நல்ல முடிவு என்ற சண்டை எங்கள் மாடியிலும் நடந்திருக்கிறது. நண்பன் தெலுங்குக் கட்சி. எனக்குச் சேர்வதும் பிரிவதும் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஜோசப் மேப்பிள் பேயில் விளையாட்டாளரோடு தங்கிவிட்டிருந்தாலும், மேரி ஒரு சொல்லும் சொல்லாமல் நான்கு பிள்ளைகளோடு காட்சியிலிருந்து மறைந்திருந்தால், நான் இந்தக் கட்டுரையைத்தான் எழுதியிருப்பேன்.

2023 அக்டோபர் 17 அன்று, ஒத்த பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள், திருமணம் அடிப்படை உரிமை அன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர், இணையரின் கூட்டுறவுக்கு ஏற்பு தருவதில் மூவருக்கும் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. அந்த நாள்களில் நண்பனோடு தொலைபேசியில் பேசினேன். அவர்கள் இருவரும் அதற்குள் முறைப்படி பிரிந்துவிட்டிருந்தார்கள். பிரிவைக் கேட்டவர் அவர். அவன் வழக்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. விளையாட்டை இன்னும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கணினி மாறிவிட்டது, சேமித்ததெல்லாம் போய்விட்டது என்றான். மறுபடி தொடங்கினால் ராபர்ட்டைத் தேர்ந்தெடுப்பானாம்.

நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் ஆறேழு பேர் மொட்டைமாடிக்கு வருகிறார்கள், குறுந்தொகை வாசிக்கிறோம். சங்கப் பாடல்களின் அடியில் துறைக்குறிப்பு எழுதிவைத்தவர் யாரோ, அவருக்குத்தான் நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் கட்சி. யார், யாரிடம், எப்போது சொன்னது என்று அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பாதிப் பாடல்கள் நமக்குப் பிடிபடா. சென்ற மாதம் மாணவர்களுக்கு ஜோசப்பின் கதையைச் சொல்லி, அந்த விருந்துக் காட்சிக்குத் துறைக்குறிப்பு மட்டும் எழுதச் சொன்னேன். பாட்டு வேண்டாம், குறிப்பு போதும்.

மேரிக்கு எழுதுவது எளிதாக இருந்தது. ‘பரத்தையிற் பிரிந்த தலைமகன் மனைவயிற் புகுந்துழி, தலைமகள் வாயில் மறுத்தது’ என்று ஒருவர் எழுதினார். ‘வாயில் நேர்ந்தது’ என்று இன்னொருவர் திருத்தினார். மறுத்தாள் என்று நாம் எப்படி முடிவு செய்யலாம் என்பது அவர் கேள்வி. இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

விளையாட்டாளரின் இடத்துக்கு எழுதும்போதுதான் சிக்கல். அகப்பாடலில் ஒருவரிடம் சொல்வதுபோல இன்னொருவர் கேட்கச் சொல்வது வழக்கம். அமண்டா பக்கத்தில் நிற்கிறாள், ஆகவே அவளிடம் சொல்வதுபோல ஜோசப் கேட்கச் சொல்லலாம் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தார். எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் சொல்பவரை எப்படிக் குறிப்பது? காதற்பரத்தை என்பதற்கு ஆண்பால் என்ன? ‘பரத்தன்’ என்றார் ஒருவர். திருக்குறள் புலவி நுணுக்கத்தில் அச்சொல் பரத்தைமை உடைய தலைவனையே குறிக்கிறது என்று இன்னொருவர் மறுத்தார். சரிதான், அப்படிப் பார்த்தால் அது ஜோசப்பின் பெயர் ஆகிவிடும். ‘காதலன்’ என்றால் இடம் தெரியவில்லை. ‘தோழன்’ என்றால் பொய். இருட்டிவிட்டது, கொசு வந்துவிட்டது, கீழ்வீட்டு அம்மையார் விளக்கை அணைத்துவிட்டார். குறிப்பை இப்படியே பலகையில் விட்டு எழுந்தோம்:

‘விருந்திற்கு வந்த தலைமகன் மனையோளொடு நிற்பக் கண்ட ________, அவன் கேட்பத் தன் மகட்குச் சொல்லுவானாய்ச் சொல்லியது.’

கோடிட்ட இடத்துக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் அழித்திருக்கிறோம்.